தொட்டில் கட்டிய கம்பி

சூடேறிய பிரேக்கின் வாடை மூக்கில் பட்டாலே, காப்பிப்பூ வாசத்துக்குள் வளைந்து வளைந்து ஏற்காட்டிலிருந்து இறங்கிய அந்தப் பஸ் நினைவுக்கு வந்துவிடுகிறது. என் முன்சீட்டில் செம்மநத்தத்துப் பெரியவர் ஒருவர். அவர் பக்கத்தில், காக்கிச் சட்டையில், டெலிபோன் லைன்மேன்.

"காத்துல தொங்கிக் கெடந்த செம்புக் கம்பிங்க. பொறக்கப்போற பேரப்புள்ளைக்குத் தொட்டில் கட்டலாம்னு நாந்தான் அறுத்தேன்."

"ஏனுங்க, அது டெலிபோன் லைனுங்க! நாங்க திருடனைத் தேடிட்டிருக்கறோம்."

"தெரியாமப் போச்சுங்க சாமி. மவ சேலத்து ஆஸ்பத்திரில இருக்கறா. பொறந்ததும் எஸ்டேட் ஆபீசுக்குப் போன் பண்றேன்னு மாப்பிள்ளை சொன்னாரு. ஒரு சேதியும் வரலை. அதான் நானே போறேன்."

"எப்படிங்க வரும்? சேதி வர்ற வழியைத்தான் தொட்டில்ல கட்டிப்புட்டீங்களே!"

பஸ்ஸே சிரித்தது. பெரியவர் முகம்தான் வாடிப்போனது. லைன்மேன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"செம்மநத்தத்து மாதப்பன் நீங்கதானுங்களா? காலையில நான் லைனைச் சேர்த்துட்டு எஸ்டேட் ஆபீசுல நின்னப்ப வந்த மொதப் போனே உங்களுக்குத்தாங்க. ஆபீசுல கணக்கெழுதற ரைட்டர் உங்க ஊட்டுக்கு ஆளனுப்பியிருக்கறார். பொண்ணு பொறந்திருக்குது. தாயும் புள்ளையும் நொம்ப சுகம்."

அடிவாரத்தில் லைன்மேன் இறங்கினார். "நாளைக்கு ஊட்டுக்கு வந்து கம்பியை எடுத்துக்கறேனுங்க."

பெரியவர் ஜன்னலில் தலையை நீட்டினார். "வாங்க சாமி, வாங்க. வரும்போது ஒரு நல்ல கயிறு கொண்டாங்க!"