பிரசவத்துக்கு வந்தவங்க

இல்ல தீதி, அது மழை இல்ல. கதவையும் யாரும் தட்டல. காலை ஆட்டாதீங்க, போட்ட பத்தெல்லாம் வழியுது. மூச்சு விடாம கேளுங்க. டொக் டொக்குன்னு, சாக்குக்குள்ள தேங்காயெல்லாம் ஒண்ணோட ஒண்ணு இடிக்கிற மாதிரி? ஆமைங்க கரை ஏறிட்டாங்க. நேத்து வரைக்கும் ஒண்ணு ரெண்டாத்தான் வந்துச்சு. இன்னைக்குக் கூட்டம். இடம் பத்தாம ஒருத்தி மேல ஒருத்தி ஏறிப் போறாங்கல்ல, ஓடு இடிக்கிற சத்தம் அது. சாயங்காலமே தெக்குக் காத்து திரும்பிருச்சு, எனக்கு அப்பவே தெரியும்.

நீங்க கேட்டதே இல்லையா? ஆமா, கரையில நிக்கிறவங்களுக்கு அலைதான் கேக்கும். இது வீட்டுக்குள்ள இருக்கிறவங்களுக்குக் கேக்கிற சத்தம்.

விளக்கா? ஆமை ஆராய்ச்சிக்கு வந்த நீங்களே கேட்டா எப்படி தீதி. ஊர்க்கமிட்டி தெரு விளக்கையெல்லாம் நிறுத்தியாச்சு. ஜன்னலுக்குத் தார்ப்பாய் கட்டியிருக்கு பாருங்க, அது உங்க ஆளு கட்டினது. உங்க ஆளுன்னா என் வீட்டுக்காரர்தான். கடலுக்குக் கடைசி வீடு நம்மளது, இங்க ஒரு தீக்குச்சி கிழிச்சாக்கூட ஆமை திரும்பிப் போயிருமாம். பிள்ளைக்குப் பால் குடுக்கிறதும் இருட்டுலதான், துணி மாத்துறதும் இருட்டுலதான். நான் படிச்ச கான்வென்ட் விடுதியில ராத்திரி முழுக்க ஒரு நீல பல்பு எரியும். எனக்கு இருட்டுன்னா பயம்னு சிஸ்டருக்குத் தெரியும், ஜன்னலோரக் கட்டிலைக் குடுக்கமாட்டாங்க. கட்டிக்கிட்டவருக்கு அது தெரியாது. ஆமைக்கு எந்த வெளிச்சம் பயம், எந்த வெளிச்சம் பயமில்லன்னு கேளுங்க, விடிய விடியச் சொல்வாரு.

வலிக்குதா? மஞ்சளும் சுண்ணாம்பும் சூட்டோட போட்டாத்தான் வீக்கம் வடியும். ஆமை தோண்டின குழியில காலை விட்டு நீங்க சுளுக்கிக்கிட்டீங்க. முகத்துவாரத்துலேருந்து இங்க வரைக்கும் அவர் உங்களை முதுகுல தூக்கிட்டு வந்தாரே, மூச்சு கூட வாங்கல. கல்யாணத்தன்னைக்கு இந்த வாசப்படி ஏற என் கையைப் பிடிக்கல தீதி. வழுக்கும், பாத்து வான்னாரு. அவ்வளவுதான்.

ஐயோ, உங்களைக் குத்தம் சொல்றேன்னு நினைக்காதீங்க. கால் சுளுக்கினா யாரா இருந்தாலும் தூக்கத்தான் செய்யணும். ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

மோட்டார் சைக்கிள் பின்னாடி உக்காந்து தாரா தாரிணி மலைக்குப் போனது யாரு, அதையும் ஒரு பேச்சுக்குத்தான் கேக்கிறேன். தப்பில்ல, ஊர் புதுசு, சுத்திக் காட்டணும். ஆனா அந்த ரெண்டு அம்மன் முன்னாடிதான் எங்க பக்கத்துப் பிள்ளைங்களுக்கெல்லாம் முதல் முடி இறக்குவோம். சைத்ர மாசத்துச் செவ்வாய்க்கிழமைல. இவளுக்கு இப்ப முடி கண்ணுல விழுது, நீங்களே பாத்தீங்க, ரிப்பன் கட்டிவிட்டீங்க. கத்தரி படக்கூடாது, அம்மன் முன்னாடி இறக்கினாத்தான் உண்டு. அவருகிட்ட எப்பன்னு கேட்டா, சைத்ரத்துலதான குஞ்சு பொரிஞ்சு வெளிய வரும், அப்ப எப்படி நகருறதுங்கிறாரு. குஞ்சுங்க கடலுக்குப் போறவரைக்கும் காவல் இருக்கணும். தன் குஞ்சு தலை முடியைக் கண்ணுல விட்டுக்கிட்டு சுவரைப் பிடிச்சு நடக்குது. அதுக்கு யாரு காவல்?

உங்களைக் கூட்டிட்டுப் போறதுக்கு மட்டும் நேரம் இருந்துச்சு. அன்னைக்கு வந்து சொன்னாரு, மேடம் அத்தனை படியும் நிக்காம ஏறிட்டாங்கன்னு. எனக்கு நீங்க தீதி, அக்கா மாதிரி; அவருக்கு மேடம். சிலிகா ஏரிக்குப் போனீங்க. டால்ஃபின் படகுகிட்டயே வந்து மூச்சு விட்டுச்சாம், மேடத்துக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சாம். தீவுல காளிஜாய் கோயிலுக்குப் போனீங்க. அங்க பொம்பளைங்க வளையல் வாங்கிச் சாத்துவோம். புருஷன் வீட்டுக்குப் போற வழியில படகு கவுந்து செத்துப்போன பொண்ணுதான அவ, வளையல்னா ஆசை. மேடம் பச்சை வளையல் சாத்தினாங்கன்னு கலரைக்கூடச் சொன்னாரு. பேட்நோய் கிராமத்துப் பக்கம் வெளிமான் பாத்தீங்க. வயல்ல நின்னு மேயும், ஊர்க்காரங்க விரட்டமாட்டாங்க, மான் வந்தா மழை வரும்னு. நான் அதையெல்லாம் பஸ் ஜன்னல்லேருந்து பாத்தவ. எனக்குன்னு என்ன கொண்டு வந்தாருன்னு கேளுங்க. சிலிகாவுலேருந்து ஒரு நாரைச் சிறகு. அதையும் பிள்ளை வாயில வச்சுருச்சு.

சிரிங்க, பரவாயில்ல. எனக்கும் சிரிப்புத்தான் வருது.

அந்த மேடத்துக்குக் கல்யாணம் ஆயிருச்சான்னு ஒருநாள் கேட்டேன். கேக்கலையேன்னாரு. இத்தனை நாள் கூடவே சுத்துறாரு, கேக்கலையாம். பொய் சொல்றாருன்னு முதல்ல கோபம். நிஜமாவே கேக்கலன்னு புரிஞ்சதும் இன்னும் கோபம் வந்துச்சு தீதி. ஒரு பொம்பளைகிட்ட அதைக்கூடக் கேக்கத் தோணாத ஆளு. நான் யாரைப் பாத்துப் பொறாமைப்படுறது, உங்களையா, அந்த ஓட்டுக்காரிங்களையா?

நாளைக்குக் காலையில அவர் உங்களுக்குப் பதில் சொல்லணும், இல்ல?

எனக்கு எப்படித் தெரியும்னு பாக்கிறீங்க. அவர் சொல்லல. உங்களை முதுகுல தூக்கிட்டு வந்தப்ப தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம் கேட்டாரு, அந்தமான்ல கம்பளி வேணுமா மேடம்னு. நான் இந்தப் பக்கம் பிள்ளையைத் தட்டிக்கிட்டிருந்தேன். அப்புறம் நீங்க அவருக்கு விவரமாச் சொன்னதும் கேட்டுச்சு. ரெண்டு வருஷம், தீவுல ஆமை வேலை, குடும்பத்தைக் கூட்டிட்டு வர இடம் இல்ல. நல்ல வேலைதான். அவரை மாதிரி மண்ணை மோந்து பாத்தே முட்டை எங்க இருக்குன்னு சொல்ற ஆளு உங்களுக்குக் கிடைக்காது. அழாதீங்க தீதி. அவர் என்கிட்ட சொல்லியிருப்பாருன்னு நினைச்சதா நீங்க சொல்றதை நம்புறேன். வீட்டுல சொல்லிருங்கன்னு நீங்க சொல்லியிருப்பீங்க, அவர் சரி சரின்னு தலையாட்டியிருப்பாரு. அவர் அப்படித்தான்.

அவரை முதல்ல பாத்ததே எங்க கான்வென்ட்லதான். ஆமையைப் பத்திப் பேச வந்தாரு, திரை கட்டிப் படம் போட்டாரு. சட்டையில ஒரு பொத்தான் இல்ல. சிஸ்டர் மேரி குடுத்த பிஸ்கட்டைப் பைக்குள்ள போட்டுக்கிட்டாரு, எதுக்குன்னு கேட்டதுக்கு ராத்திரிக் காவலுக்குன்னாரு. அப்பவே புரிஞ்சிருக்கணும். ஆமை முட்டை போடுறப்ப கண்ணுலேருந்து தண்ணி வழியும்னு சொல்லிட்டு, அவரே சட்டைக் கையால கண்ணைத் துடைச்சுக்கிட்டாரு. ஆமைக்கே இப்படி உருகுறவரு பொண்டாட்டிக்கு எப்படி உருகுவாருன்னு நான் கணக்குப் போட்டேன். அங்கதான் தப்பிருச்சு. ஒருதடவை நான் அழுதப்ப பக்கத்துல உக்காந்து பாத்துட்டு, ஆமைக்கு அது அழுகை இல்ல, உடம்புல ஏறின உப்பு வெளிய வருது, அவ்வளவுதான்னு விளக்கம் சொன்னாரு. ஆறுதல் சொல்றாராம்.

எங்க அப்பா அஸ்காவுல வக்கீல் குமாஸ்தா. மீன்காரன் வீட்டுக்குப் போனவ மக இல்லன்னுட்டாரு. அஸ்காவும் இதே ருஷிகுல்யா ஆத்தங்கரைதான் தீதி. அம்மா வீட்டுக் கொல்லையில ஓடுற தண்ணிதான் இங்க வந்து கடல்ல விழுது. தண்ணிக்கு வழி இருக்கு. ஏழு மாசத்து வயித்தோட பஸ் ஏறிப் போனேன், பிரசவத்துக்கு எல்லாரும் அம்மா வீட்டுக்குத்தான போவாங்க. கதவைத் திறக்கல. அந்தப் பக்கம் அம்மா நிக்கிறாங்கன்னு தெரியும், தாழ்ப்பாள்ல கையை வச்ச வளையல் சத்தம் கேட்டுச்சு. கை எடுத்த சத்தமும் கேட்டுச்சு.

திரும்பி வர்ற பஸ்ல நல்ல இடம் கிடைச்சுது, அதைச் சொல்லணும்.

இந்த ஊர்ல முதல் ஆமை ஏறினா என்ன பண்ணுவாங்கன்னு நீங்க பாத்தீங்களே. பொம்பளைங்க குலவை போட்டுட்டு ஓடுவாங்க. ஓட்டு மேல குங்குமம் வச்சு, மக வந்துட்டா, பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்துட்டாம்பாங்க. பிறந்த மண்ணைத் தேடி இலங்கைப் பக்கத்துலேருந்து நீந்தி வர்றாளாம். வர்றவளுக்கு ஊரே விளக்கை அணைச்சு, நாயைக் கட்டிப்போட்டு, வலையை எடுத்து வச்சு, மெதுவாப் பேசி... நான் ரெண்டு மணி நேரம் பஸ்ல போனேன் தீதி.

எனக்கு வலி கண்டது போன வருஷம் இதே மாதிரி ஒரு ராத்திரி. மாமியாருதான் பாத்துக்கிட்டாங்க, பாவம், போன மழைக்காலத்துல அவங்க தவறிட்டாங்க. அவருக்கு ஆள் அனுப்பினாங்க. ஆமை ஒண்ணு பாதி முட்டை போட்டிருக்கு, முடிஞ்சதும் வர்றேன்னு சொல்லி அனுப்பினாரு. நிஜமாவே முடிஞ்சதும் வந்தாரு. ரெண்டு பேருக்கும் முடிஞ்சிருந்துச்சு. கையெல்லாம் மணல். பிள்ளையைத் தொடப் பயந்துக்கிட்டு வாசல்லயே நின்னாரு. என் முகத்தைப் பாத்துட்டு, அந்த ஆமையும் உன்னை மாதிரிதான், கத்தவே இல்லன்னாரு. நான் கத்தினேனா இல்லையான்னு அவருக்கு எப்படித் தெரியும்?

ஆமா, நல்ல மனுஷன்தான். நீங்க சொல்ல வேண்டாம். கெட்டவரா இருந்தா எனக்கு வேலை சுலபம்.

முட்டை போடுற வரைக்கும்தான் அவ அங்க இருப்பா, உங்களுக்குத் தெரியும். மணலைத் தள்ளி மூடுவா, அடிவயித்தால தட்டித் தட்டி இறுக்குவா, கடலைப் பாத்து நடந்துடுவா. திரும்பிப் பாக்கமாட்டா. அதைச் சொல்றப்ப அவருக்கு அவ்வளவு பெருமை. எனக்கு வயித்தெரிச்சல். நான் கிணத்தடிக்குப் போனாலே பத்துதடவை திரும்பிப் பாக்கிறவ. ராத்திரி காத்துல ஓலை அசைஞ்சா நரி வந்துருச்சோன்னு பிள்ளை மேல கையைப் போட்டுக்குவேன். கதவுக்குத் தாழ்ப்பாளும் போடமுடியாது. டார்ச் எடுக்க, கயிறு எடுக்க, டீ குடிக்கன்னு எந்நேரமும் வருவாரு, தட்டினா சத்தம், சத்தம் கேட்டா ஆமைக்கு ஆகாது. திறந்தே கிடக்கட்டும்பாரு. திறந்து கிடக்கிற கதவைப் பாத்துக்கிட்டே படுத்திருப்பேன்.

கால் இப்ப எப்படி இருக்கு? கொஞ்சம் ஊணிப் பாருங்க. சுவரைப் பிடிச்சுக்கிட்டு கதவு வரைக்கும் வரமுடியுமா? போதும், அது போதும்.

எதுக்கா? இந்தாங்க, இவளை மடியில வாங்கிக்கோங்க. வயிறு நிறையக் குடிச்சிருக்கா, இப்போதைக்கு எந்திரிக்கமாட்டா. எந்திரிச்சா இடது தோள்ல போடணும், வலது ஆகாது. கற்கண்டுத் தண்ணி அந்தச் சின்னக் கிண்ணத்துல. உங்ககிட்ட நல்லா ஒட்டிக்கிட்டா, அதுவும் எனக்கு வயித்தெரிச்சல்தான். உங்க சிவப்பு டார்ச்சை நான் எடுத்துக்கிறேன். இது தெரிஞ்சா ஆமைக்கு ஒண்ணும் ஆகாது, இல்ல? தெரியும், சும்மா கேட்டேன்.

கரைக்குத்தான் போறேன். நான் பாத்ததில்ல தீதி.

இல்ல. ஒருதடவைகூட இல்ல. வந்த வருஷம் புது மருமக, முக்காட்டோட ராத்திரியில கடலுக்குப் போகக்கூடாதுன்னாங்க. அடுத்த வருஷம் ஆமைங்களே வரல. போன வருஷம் வயித்துல பிள்ளை. சுமக்கிறவ ஆமை முட்டை போடுறதைப் பாத்தா ரெண்டுல ஒண்ணு தங்காதுன்னு மாமியார் கையைப் பிடிச்சு உக்கார வச்சாங்க. இப்ப இவளை விட்டுட்டுப் போக ஆள் இல்ல, ஊரே கரையில இருக்கு. நீங்க விழுந்தீங்க. விழுந்தது நல்லதுக்குன்னு சொன்னா கோவிச்சுக்காதீங்க. சத்தத்தை வச்சும் அவர் பேச்சை வச்சுமே இத்தனையும் தெரிஞ்சுக்கிட்டேன்.

முட்டை விழ ஆரம்பிச்சதும் அவ கல்லு மாதிரி ஆயிருவா, அசையமாட்டா. பின்னாடி படுத்துக்கிட்டு முட்டையை எண்ணுற ஆளும் அசையமுடியாது, குரலை உசத்தமுடியாது, எந்திரிச்சுப் போகமுடியாது. அவர் அங்கதான் கிடப்பாரு. பக்கத்துல போய் நானும் படுத்துக்கிட்டு, காதுல மெதுவா கேக்கப்போறேன். அந்தமான் எப்பன்னு. வீட்டுல கேட்டா டார்ச் எடுத்துட்டுப் போயிருவாரு.

என்ன சொல்வாரோ, தெரியல. சொல்றது எதுவா இருந்தாலும் என்கிட்டதான் முதல்ல சொல்லணும், காலையில உங்ககிட்ட இல்ல.

பயமாத்தான் இருக்கு. இருட்டுக்கு இல்ல... சரி, இருட்டுக்கும்தான்.

வந்துருவேன் தீதி. நான் ஆமை இல்ல.

எந்திரிங்க, மெதுவா. அவளைத் தோள்ல போட்டுக்கோங்க, இடது. நான் வெளிய நிக்கிறேன், நீங்க தாழ்ப்பாளைப் போட்டுருங்க. அவர் வந்து தட்டினா திறக்காதீங்க. டார்ச்சுன்னு சொன்னாலும், டீன்னு சொன்னாலும். நான் கூப்பிட்டாத்தான் திறக்கணும், என் குரல் உங்களுக்குத் தெரியுமில்ல, ஒரு பொழுது முழுக்கக் கேட்டீங்களே.

போட்டீங்களா? நகரலையா? துருப் பிடிச்சிருக்கும், நான் வந்ததுலேருந்து அதை யாரும் போட்டதில்ல. மேல தூக்கி, அப்படியே உள்ள தள்ளுங்க. இன்னும் கொஞ்சம்.

ஆங். விழுந்துருச்சு.