விற்ற மாடு ஓடிய சவாரி

அச்சுவேலி பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த சால்வைக்காரர் திடீரென்று சொன்னார்: “இனி வண்டிற் சவாரி பாக்கப் போனால் வாயே திறக்கமாட்டன்.”

பக்கத்தில் இருந்தவர் திரும்பினார். “ஏன் அண்ணை?”

“நான் வித்த மாடு, வெள்ளையன், நேற்றுச் சவாரிப் போட்டியில வண்டில் இழுத்து ஓடினவன். முன்னுக்கு வந்திட்டான். சந்தோசத்தில ‘வெள்ளையா!’ எண்டு கத்திப்போட்டன்.”

“பிறகு?”

“குரல் கேட்டதும், சோடி மாட்டையும் இழுத்துக்கொண்டு நேரே என்னட்டை வந்து நிண்டான். வண்டில் தோத்துப்போச்சு. வாங்கின மனிசன் பேசாத பேச்சில்லை.”

“அப்ப இனிப் போகாதேங்கோ.”

பஸ் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. சால்வைக்காரர் நழுவிய சால்வையைத் தோளில் இழுத்துப் போட்டார்.

“போவன். என்ரை மணம் அவனுக்குப் போகாத பக்கமாய், காத்து வீசிற திசை பாத்து நிப்பன்.”