தும்பிக்கை இல்லாத 'னை'

சிவகணேஷ்: வயித்த எக்குங்க அண்ணாச்சி.

நாறும்பூநாதன்: எக்கித்தாம்லே நிக்கேன்.

சிவகணேஷ்: இதுவா எக்குன வயிறு?

நாறும்பூநாதன்: வாய மூடிக்கிட்டு ஜிப்ப இழு... ஏலே, பைய. தாடி சிக்குது.

சிவகணேஷ்: நகர மாட்டேங்கு. எண்பது வருசத்து ஜிப்புலா. பர்மாச் சண்டையில வெள்ளக்காரப் பைலட்டு போட்டிருந்த கோட்டு. பாக்க மட்டும் செய்ங்கன்னு சொன்னேன். நீங்க மாட்டிக்கிட்டுக் கண்ணாடி முன்னால போயி...

நாறும்பூநாதன்: வாங்க வந்தவன் போட்டுப் பாக்காண்டாமா?

சிவகணேஷ்: விக்கேன்னு நான் எப்பம் சொன்னேன்?

நாறும்பூநாதன்: மாட்டேன்னும் சொல்லலியே.

சிவகணேஷ்: அது... பாப்போம். நான் சேத்து வச்சிருக்க அஞ்சாறு பட்டாளத்துக் கோட்டுல இதுதான் ராசா. அவ்வளவு லேசுல குடுக்க மனசு வராது.

நாறும்பூநாதன்: கரண்டு எப்பம்லே வரும்?

சிவகணேஷ்: சப்ஸ்டேசன்ல வேல நடக்கு. வரும்போது வரும்.

நாறும்பூநாதன்: வெளிய புரட்டாசி வெயிலு. உள்ள ஆட்டு ரோமம். முட்ட கூடத் தொடாத சைவம் நான், முழு ஆட்டுக்குள்ள கெடக்கேன் பாரு.

சிவகணேஷ்: எம் பொண்டாட்டி பாத்தான்னா மஞ்சத்தண்ணி தெளிச்சிருவா. தோல் தொப்பி ஒண்ணக் கொடியில காயப் போட்டதுக்கே வீட்டக் கழுவி விட்டவ.

நாறும்பூநாதன்: கூப்பிடு அவள. தெளிச்சா குளுந்தாவது இருக்கும்.

சிவகணேஷ்: தலவழியா உருவிப் பாப்பமா? கையத் தூக்குங்க... இன்னும்...

நாறும்பூநாதன்: காது! ஏலே, காது!

சிவகணேஷ்: விட்டுட்டேன், விட்டுட்டேன். ஐயையோ, கழுத்துப் பட்டையில கைய வைக்காதீங்க. அந்தச் செவப்புக் கறை இருக்குல்லா, அது பைலட்டோட ரத்தம். பிளேன் விழுந்தப்பம் நெத்தியில அடி. வித்த மெட்ராஸ் புரோக்கரு சொன்னான்.

நாறும்பூநாதன்: ரத்தமா...

சிவகணேஷ்: அதுக்குத் தெனமும் ஒரு சல்யூட் வச்சிட்டுத்தான் கங்கைகொண்டானுக்கு வேலைக்குப் போவேன்... என்ன சிரிக்கீங்க?

நாறும்பூநாதன்: சிரிக்கலலே. மூச்சு வாங்குது.

சிவகணேஷ்: ஒண்ணு கேக்கணும். தசரா சீசன்லா இது. குலசை முத்தாரம்மன் கோயிலுக்கு நேந்துகிட்டுக் காளி வேசம், குரங்கு வேசம், போலீசு வேசம்னு உங்க டிரெஸ் கடை வாசல்ல கூட்டம் நிக்கும். அத விட்டுட்டு இந்தக் கோட்டு எதுக்கு?

நாறும்பூநாதன்: ஒரு ஆசதான். ஏன், எனக்கு ஆச வரக்கூடாதா?

சிவகணேஷ்: வரட்டும்... மூஞ்சியெல்லாம் செவந்திருக்கே. பிரஷர் மாத்திர போட்டீங்களா?

நாறும்பூநாதன்: காலைல... போட்ட மாதிரிதான் இருக்கு.

சிவகணேஷ்: இருங்க, கத்திரி எடுக்கேன்.

நாறும்பூநாதன்: கத்திரியா? கைய ஒடிச்சிருவேன். சரித்திரத்த வெட்டுவியாலே?

சிவகணேஷ்: நீங்க மயங்கி விழுந்தா?

நாறும்பூநாதன்: தூக்கிக் கட்டில்ல போடு. கோட்டத் தொடாத.

சிவகணேஷ்: என்ன, உக்காந்துட்டீங்க... அண்ணாச்சி? அண்ணாச்சி!

நாறும்பூநாதன்: ஒண்ணுமில்ல... கண்ணு லேசா இருட்டுது.

சிவகணேஷ்: போதும். எனக்குப் பயமா இருக்கு. வெட்டப் போறேன்.

நாறும்பூநாதன்: வேண்டாம்லே... எவ்வளவு பெரிய பொருளு...

சிவகணேஷ்: பொருளுமில்ல, ஒண்ணுமில்ல. இது டூப்பு அண்ணாச்சி!

நாறும்பூநாதன்: யாருலே சொன்னா?

சிவகணேஷ்: வாங்கின மறுநாளே தெரிஞ்சு போச்சு. உங்க தலையில கட்டிரலாம்னுதான் இவ்வளவு பிகு பண்ணுனேன். சல்யூட்டும் பொய்யி. மன்னிச்சிருங்க. இப்பம் கையத் தூக்குங்க.

நாறும்பூநாதன்: இரு, கத்திரிய விடு... டூப்புன்னு எப்படிலே கண்டுபுடிச்ச?

சிவகணேஷ்: உள்ள ஒரு துணி தச்சிருக்குல்லா. பைலட்டு விழுந்த ஊருல சனங்க அடிச்சிரக் கூடாதுன்னு, அவங்கவங்க பாசையில, தமிழ்லயும் எழுதி வச்சது. "நான் பிரிட்டிஷ் விமானி, என்னைக் காப்பாற்றுங்கள்." அந்த 'என்னை'யப் பாருங்க. 'னை'க்கு இப்பம் நாம போடுத கொம்பு போட்டிருக்கு. அந்தக் காலத்து 'னை'க்கு யானத் தும்பிக்கை மாதிரிலா சுழி வரும். எங்க தாத்தா கல்யாணப் பத்திரிக்க பூராவும் தும்பிக்கைதான்.

நாறும்பூநாதன்: அடச்சே... தும்பிக்கைய விட்டுட்டனே.

சிவகணேஷ்: ஆமா, விட்டுட்டு... என்னது? நீங்க எதுக்கு விடணும்?

நாறும்பூநாதன்: கொஞ்சம் தண்ணி குடுலே.

சிவகணேஷ்: குடிங்க. குடிச்சிட்டுச் சொல்லுங்க. டூப்புன்னு சொன்ன பெறகும் எதுக்குக் கத்திரியப் புடிச்சு மல்லுக்கட்டுதீங்க?

நாறும்பூநாதன்: தச்சதே நாந்தாம்லே. ஜிப்பு ஒரு பழைய ரெக்சின் பையில பிச்சது, அதான் நகர மாட்டேங்கு. டவுண் அருணாசலம் இருக்காம்லா, மகனுக்கு விமானப்படையில வேல கெடைக்கணும்னு மூணு வருசம் பைலட்டு வேசம் போடுதேன்னு நேந்துகிட்டான். ரெண்டு வருசம் போட்டுட்டு, கோட்ட எங்கடையில பத்திரமா வைக்கச் சொல்லிட்டுப் போனான். பயலுக்கு வேலையும் கெடச்சிட்டு. இனிம எங்க வரப்போறான்னு நான் அந்தத் துணிய எழுதித் தச்சு, மெட்ராஸ் புரோக்கருகிட்ட தள்ளி விட்டேன். அது சுத்திச் சுத்தி நம்ம தெருவுக்கே வரும்னு கண்டனா? நேத்து மூணாவது வருச வேசத்துக்கு மாலையும் கழுத்துமா வந்து நிக்கான், அதே கோட்டுதான் வேணுமாம்... கத்திரியக் கீழ வச்சிட்டுத் தேங்காண்ணெய் எடுத்துட்டு வாலே, ஜிப்புல விடுவோம். பெறவு, அந்தக் கறைக்கு இனிம சல்யூட் வைக்காண்டாம், கும்பிட்டுக்கோ. அது முத்தாரம்மன் குங்குமம்.