அலமாரிக்குள் பாடியவன்

வீட்டிலேயே ராக் ஆல்பம் பதிவு செய்கிறவர்களுக்கு முதல் எதிரி ஃபிரிட்ஜ்தான், டாக்டர். அது ஓடினால் அதன் உறுமல் மைக்கில் ஏறிவிடும். அதனால் பதிவு தொடங்கும்போது சித்தி வீட்டு ஃபிரிட்ஜை அணைப்போம். முடிந்ததும் போட மறந்துவிடுவோம். மறுநாள் சித்தி பாத்திரத்தோடு மாடி ஏறி வருவாள். "ஃபிரிட்ஜை அணைச்சு பால் திரிஞ்சுதா, இல்ல உங்க பாட்டைக் கேட்டே திரிஞ்சுதாடா?" என்பாள். திட்டி முடித்துவிட்டு, "இன்னைக்கு எந்தப் பாட்டு?" என்றும் கேட்பாள். அவளுக்கு நான் எந்தக் கெடுதலும் நினைத்ததில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தம்பி பேச்சை நிறுத்துவதற்கு முன்னால் வீட்டில் என்ன நடந்தது என்று போன முறை கேட்டீர்கள். சித்தி அழுதாள். நான் யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். யோசிக்க ஒன்றுமில்லை. சித்தி உடன் வராத நாளாகப் பார்த்து வர வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

நாங்கள் நான்கு பேர், ஒரே கல்லூரி. நான் கிட்டார், கம்ப்யூட்டரும் என் பொறுப்பு. டிரம்ஸுக்கு ஒருவன், பேஸ் கிட்டாருக்கு ஒருவன். நான்காவது தம்பி, என் சித்தி மகன். என்னைவிட ஒரு வயது இளையவன். பாட்டெல்லாம் நான் எழுதியவை, மெட்டும் என்னுடையதுதான். சித்தி வீட்டு மாடி அறையில் மெத்தைகளைச் சுவரோடு நிறுத்தி வைத்திருந்தோம். பாடுகிறவனுக்குத் தனி அறை கட்ட வசதி இல்லை. அதனால் சித்தப்பாவின் கோட்டுகளும் கம்பளிகளும் தொங்கும் பெரிய அலமாரிக்குள் மைக்கை வைத்தோம். துணிகளுக்கு நடுவே தலையை நுழைத்துக்கொண்டு பாட வேண்டும். சிரிக்காதீர்கள், எதிரொலி இல்லாமல் அருமையாகப் பதிவாகும். வெளியே நிற்கிறவர்களுக்குத்தான் பாட்டு சரியாகக் கேட்காது. கம்ப்யூட்டரில் திரும்பப் போட்டால்தான் உண்டு.

முதலில் பாடியது நான். என் பாட்டு, நானே பாடினேன். இழுத்துப் பாட வேண்டிய ஓர் இடத்தில் குரல் சறுக்கியது. முதல் நாள் யாருக்கும் சறுக்கும். தம்பி அந்த ஒரு வரியை மட்டும் வெட்டி எடுத்து, போன் ரிங்டோனாக்கி, கல்லூரி முழுக்க அனுப்பினான்.

வகுப்பில் அடித்தது. கேன்டீனில் அடித்தது. நூலகத்தில் யாரோ வேண்டுமென்றே அடிக்கவிட்டார்கள். எனக்குச் 'சறுக்கல்' என்று பெயர் வந்தது. "சறுக்கல் வர்றான்டா, வழி விடுங்க" என்பார்கள். ஒரு பேராசிரியர்கூட வருகைப் பதிவு எடுக்கும்போது உதட்டைக் கடித்துக்கொண்டார். தம்பியிடம் கேட்டேன். "சும்மா விளையாட்டுக்குண்ணா. இதுக்குப் போய் மூஞ்சத் தூக்கி வச்சுக்கிறியே" என்றான். அவனுக்கு விளையாட்டு. சிரித்துக்கொண்டே போய்விட்டேன்.

அதைக்கூட விட்டிருப்பேன். ஒரு நாள் வீட்டுக்குப் போனால், அடுப்பங்கரையில் அம்மாவின் போன் அடிக்கிறது. அதே வரி. தம்பிதான் வைத்துக் கொடுத்திருக்கிறான். அம்மா போனை எடுக்காமல் கேட்டுக்கொண்டே நின்றாள். "உன் குரல்டா. எவ்வளவு நல்லாருக்கு" என்றாள். அவள் கேலி செய்யவில்லை, டாக்டர். அவளுக்கு நிஜமாகவே அது நன்றாக இருந்தது. அன்றைக்கு நான் அவனை வெறுத்தேன். வேறு சொல் எதுவும் போட்டு இதை மெழுகப் போவதில்லை.

பிறகு மற்ற மூவரும் கூடி, தம்பியே பாடட்டும் என்று முடிவு செய்தார்கள். நானும் சம்மதித்தேன். அவன் நன்றாகப் பாடினான். பொய் சொல்ல மாட்டேன். அப்படி ஒரு குரலை நான் நேரில் கேட்டதில்லை. அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு, வியர்த்து வடிய, ஒரு சுரம் பிசகாமல் பாடிவிட்டு, நாய்க்குட்டி மாதிரி வெளியே தலையை நீட்டி, "எப்படிண்ணா?" என்பான்.

"இரு, சேவ் ஆகட்டும்" என்பேன்.

பழைய கம்ப்யூட்டர். எதற்கும் நேரம் எடுக்கும். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அந்த இடைவெளியில் நான் ஒரு காரியம் செய்தேன். குரல் பிசகினால் சரிசெய்கிற மென்பொருள் ஒன்று உண்டு. எல்லாப் பாடகர்களுக்கும் போடுவதுதான். சுரத்தை ஏற்றலாம், இறக்கலாம். பிசகியதைச் சரியாக்க அதை எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். நான் சரியாக இருந்ததைப் பிசகாக்கினேன். நிறைய இல்லை. நீளமாக இழுக்கிற இடத்தில் மட்டும் ஒரு துளி கீழே. சமையலில் உப்பு போடுகிற மாதிரிதான், கூடினால் கண்டுபிடித்துவிடுவார்கள்.

முதல் தடவை கேட்டதும் அவன் முகம் சுருங்கியது. "நானா இப்படிப் பாடினேன்?" என்றான். டிரம்ஸ்காரன் வேறு பக்கம் பார்த்தான். "பரவாயில்லடா, இன்னொரு தடவ பாடு" என்று தட்டிக் கொடுத்தேன். பாடினான். மறுபடி ஒரு துளி. சில நாள் எதையும் தொடாமல் விட்டேன். அன்றைக்கெல்லாம் சந்தோஷமாகக் கீழே இறங்கிப் போவான். அடுத்த நாள் மறுபடி. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அவன் அம்மிகூட இல்லை, பஞ்சு.

பாடுகிறவர்களுக்கு ஒரு பலவீனம் உண்டு. தன் தொண்டையைவிட, தன் காதைவிட, பதிவான குரலைத்தான் நம்புவார்கள். அதற்குப் பொய் சொல்லத் தெரியாது என்று நினைப்பு.

நடுவில் அவன் புத்திசாலித்தனமாக ஒன்று செய்தான். கிட்டாருக்குச் சுருதி சேர்க்கிற என் சின்னக் கருவியைக் கேட்டு வாங்கிக்கொண்டான். அதன் எதிரில் பாடினால் சுரம் சரியா, ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா என்று முள் காட்டும். கொடுக்கும் முன், அது சரியென்று காட்டும் அளவைக் கொஞ்சம் இறக்கி வைத்துவிட்டுக் கொடுத்தேன். இனி அவன் சரியாகப் பாடினால் கருவி 'ஏறிவிட்டது' என்னும். என் பதிவோ 'இறங்கிவிட்டது' என்னும். இரண்டும் இயந்திரம். எதை நம்புவான்? இரண்டையும் நம்பினான். தன்னை நம்புவதைத்தான் விட்டான்.

ஒரு மாலை மற்றவர்கள் போன பிறகு, அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். "அண்ணா, உன்னக் கேலி பண்ணினதுக்குத்தான் எனக்கு இப்படி ஆகுதோ? அந்த ரிங்டோனு, அது இதுன்னு. என்ன மன்னிச்சுருண்ணா" என்றான். கண் கலங்கியிருந்தது.

அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம் என்று நினைக்கிறீர்கள். நானும் அதை யோசித்துப் பார்த்தேன். ஆனால் பயத்தில் கேட்கிற மன்னிப்பு கணக்கில் சேராது. தொண்டை போனதால் வந்த ஞானம் அது. தொண்டை திரும்பினால் போய்விடும். "சே, என்னடா பேசுற. போய்த் தூங்கு" என்று அவன் தலையைத் தடவிக் கொடுத்தேன். இனித்தது, டாக்டர். நாக்கில் இனிப்பது மாதிரியே இனித்தது.

காது டாக்டரிடம் அவனைக் கூட்டிப் போனதும் நான்தான். சோதித்துவிட்டு, காதில் ஒரு குறையும் இல்லை என்றார். வேறு யாராக இருந்தாலும் நிம்மதியாகத் திரும்பியிருப்பான். இவன் வழியெல்லாம், "காது நல்லாருக்குன்னா அப்புறம் எதுண்ணா கெட்டுப் போச்சு?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். பிறகு அவனே நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

கல்லூரி அரங்கில் ஆல்பத்தை வெளியிட்ட அன்று அவன் மைக் முன்னால் நின்றான். நாங்கள் வாசிக்கத் தொடங்கினோம். பாட வேண்டிய இடம் வந்தது, போனது. வாய் திறக்கவில்லை. மறுபடி முதலிலிருந்து வாசித்தோம். அப்போதும் திறக்கவில்லை. பின்வரிசையில் சிரித்தார்கள். நான் நகர்ந்து மைக்கைப் பிடித்துக்கொண்டு பாடினேன். ஆல்பத்திலும் இப்போது இருப்பது என் குரல்தான். வரிக்கு வரி திருத்திய குரல். நன்றாக இருப்பதாகச் சொல்கிறார்கள். சறுக்கல் என்று இப்போது யாரும் கூப்பிடுவதில்லை.

அதோடு முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். அவன் பாடாமல் இருந்தால் எனக்குப் போதும். ஆனால் அவன் வகுப்பில் வாய்விட்டு வாசிப்பதை நிறுத்தினான். பிறகு போனில் பேசுவதை. பிறகு கல்லூரிக்குப் போவதையே. "அம்மா" என்று கூப்பிடும்போது குரல் சரியான இடத்தில் நிற்கிறதா என்று கடைசியாக என்னிடம் கேட்டான். அதற்குப் பிறகு அதையும் கூப்பிடவில்லை. சாப்பாட்டு மேசையில் சித்தி கேட்பதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டுவான். அந்த அளவுக்குப் போகும் என்று நான் திட்டம் போடவில்லை. அது அவனாகச் செய்துகொண்டது.

இதையெல்லாம் ஏன் இப்போது சொல்கிறேன் என்றால், போன முறை மருந்தைக் கூட்டப் போவதாகச் சொன்னீர்கள். அந்த மாத்திரை அவனுக்குக் கையை நடுங்க வைக்கிறது. இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்து உடம்பைக் கெடுப்பானேன்? நான் அவ்வளவு கொடியவன் இல்லை.

பழைய பாட்டு ஏதாவது இருந்தால் போட்டுக் காட்டச் சொன்னீர்களே, அதையும் செய்தேன். அவன் பாடிய அசல் பதிவுகளை நான் அழிக்கவில்லை. அழிக்க மனம் வரவில்லை. அவ்வளவு நல்ல பாட்டு. ஞாயிற்றுக்கிழமை சித்தி வீட்டுக் கூடத்தில் வைத்துப் போட்டேன். ஒரு துளிகூடத் தொடாத குரல். சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் தலையைக் குனிந்து கடைசிவரை கேட்டான். முடிந்ததும் நிமிர்ந்து பார்த்தான். பல மாதங்களுக்குப் பிறகு முதல்முதலாக வாய் திறந்தான்.

"ரொம்ப நல்லா திருத்தியிருக்கண்ணா" என்றான்.

சித்தி ஓடிவந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "பேசிட்டான்டா, உன்னாலதான் பேசினான்" என்று அழுதாள். இது திருத்தியது இல்லை, உன் குரல்தான் என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்காக எவ்வளவு கஷ்டப்பட்டிருப்ப" என்றான்.

"உனக்குச் செய்யாம வேற யாருக்குடா செய்யப்போறேன்" என்றேன்.