பென்ரிக்கில் மாதம் பத்துப் பேர்

‘சுமார்’ என்கிற சொல்லை எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்காது. மணி என்ன என்று கேட்டால் சுமார் மூன்று என்பவரிடம் நான் அடுத்த கேள்வி கேட்பதில்லை. நீங்கள் இந்த வாக்குமூலத் தாளின் மேலே பதினொன்று இருபத்துமூன்று என்று நேரம் எழுதினீர்கள். அதைப் பார்த்ததும் உங்களிடம் பேசலாம் என்று தோன்றியது.

என் வேலை புரிந்தால்தான் நான் செய்ததும் புரியும். டெவன்போர்ட்டில் ஒரு சின்ன நிறுவனத்தில் பதினோரு வருடமாக இருக்கிறேன். வாடிக்கையாளரின் இணையப் பக்கத்தைத் தேடலில் மேலே கொண்டுவருவது எங்கள் தொழில். எந்தச் சொல்லை மக்கள் மாதத்துக்கு எத்தனை முறை தேடுகிறார்கள் என்று சொல்வதற்குக் கருவிகள் இருக்கின்றன. எல்லோரும் அதை வேதவாக்காக எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அது எண்ணிச் சொல்வதில்லை. பத்து, இருபது, ஐம்பது என்று சில பெட்டிகள் வைத்திருக்கிறது, நிஜத்தை ஏதாவது ஒரு பெட்டியில் போட்டு மூடிவிடும். அதுவும் பன்னிரண்டு மாதச் சராசரி. சின்ன ஊர் என்றால் யோசிப்பதே இல்லை, பத்து என்று போட்டுவிடும். இதைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

போன வருடம் ஜனவரியில் ஒரு சுகாதார நிறுவனம் எங்களிடம் ஓர் அறிக்கை கேட்டது. நான் குடியிருக்கும் பென்ரிக்கில் சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் மட்டும் ஒரு டாக்டர் உட்காருவார். ‘பென்ரிக் வார இறுதி டாக்டர்’ என்று எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று தெரிந்தால், அதை நடத்துவதா மூடுவதா என்று முடிவெடுப்பார்களாம். கருவி பத்து என்றது. என் முதலாளி ஃபெர்கஸ் அப்படியே எழுதிக் கொடுத்தார்.

“இது தப்பு. என் தெருவுலயே மாசம் பத்துப் பேர் தேடுவாங்க” என்றேன்.

“யோவ் கெல்வின், அவங்க சரியான நம்பரா கேட்டாங்க? ஒரு நம்பர் கேட்டாங்க, குடுத்தோம். விடுய்யா.”

“இதை வச்சு டாக்டரை எடுத்துடுவாங்க.”

“எங்க கடலோர வீடும் அங்கதான் இருக்கு. எனக்கு இல்லாத கவலை உனக்கென்ன?”

அவர் மனைவி ஏவரில் அன்றைக்கு மதியச் சாப்பாடு கொண்டுவந்திருந்தார். “அந்தப் பிள்ளை சொல்றதை ஒரு தடவ காது குடுத்துக் கேளேன் ஃபெர்கஸ்” என்றார். பதினோரு வருடத்தில் அந்த அலுவலகத்தில் எனக்காகப் பேசியது அவர் ஒருவர்தான். ஃபெர்கஸ் சிரித்தார், அவ்வளவுதான். ஒரு ஊரின் டாக்டர் ஒரு சோம்பேறி எண்ணால் போகப்போகிறார், அதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. அடுத்த வருடம் ஜூனோடு மூடுவதாக முடிவும் வந்தது.

கருவி சொல்வது சரியா என்று பார்க்க ஒரே வழிதான் உண்டு. அந்தத் தேடலில் உங்கள் பக்கம் முதலில் நிற்க வேண்டும். அப்போது யார் தேடினாலும் அது அவர் கண்ணில் படும், எத்தனை முறை பட்டது என்ற கணக்கு உங்களுக்கு வந்துவிடும். அதனால் பிப்ரவரியில் அந்த டாக்டர் பெயரில் நான் ஒரு பக்கம் போட்டேன். ஹார்பர் தெரு விலாசம், தொலைபேசி எண், வாசல் படம், எல்லாம் சரியாக இருந்தன. ஏப்ரல் முதல் தேதி அது முதலிடத்துக்கு வந்தது. ஏப்ரலில் மட்டும் நூற்றுத் தொண்ணூற்றாறு. பத்து இல்லை, நூற்றுத் தொண்ணூற்றாறு. அன்று நான் சந்தோஷப்பட்டேன் என்பதை மறைக்கவில்லை.

ஆனால் பன்னிரண்டு மாதம் வேண்டும். ஒரு மாதம் குறைந்தாலும் கோடைக் கூட்டம், விடுமுறைக் கூட்டம் என்று ஃபெர்கஸ் தள்ளிவிடுவார்.

அக்டோபரில், மூடும்வரைக்கும் என்று, வார இறுதி டாக்டரைப் பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி வென்டலுக்கு மாற்றினார்கள். புது விலாசம், புது எண். ஹார்பர் தெருக் கட்டிடத்தில் வார நாட்களில் மட்டும் நர்ஸ் இருப்பார். என் பக்கத்தைத் திருத்துவது அஞ்சு நிமிட வேலை. திருத்தினால் பக்கம் முதலிடத்திலிருந்து இறங்கலாம், இறங்கினால் எண்ணிக்கை அறுந்துவிடும். ஆறு மாத உழைப்பு வீண். இன்னும் ஆறு மாதம் இருந்தது. அந்த ஊருக்காகத்தான் இதைச் செய்தேன் என்பதை மறந்துவிடாதீர்கள்.

பக்கத்தைத் திருத்தச் சொல்லி நர்ஸ் மூன்று முறை மின்னஞ்சல் அனுப்பினார். மரியாதையான பெண். பதில் எழுதினால் பேச்சு வளரும் என்று எழுதவில்லை. அவர்களே போட்ட புதுப் பக்கம் டிசம்பரில் இரண்டாமிடத்துக்கு ஏறியது. அது போலி என்று தேடுபொறிக்குப் புகார் கொடுத்தேன். இரண்டு பக்கங்கள் மோதினால் எண்ணிக்கை சுத்தமாக இருக்காது. வரைபடத்தில் இடத்தை மாற்றியிருந்தார்கள், அதையும் இரண்டு முறை பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன்.

டாக்டர் வென்டலுக்கு மாறிவிட்டார் என்று கதவில் ஒட்டிய அறிவிப்பைப் பற்றிக் கேட்டீர்கள். ஆமாம், நான்தான் எடுத்தேன். திங்கட்கிழமை அவர்கள் ஒட்டுவார்கள், சனிக்கிழமை காலை நடைக்குப் போகும்போது நான் எடுப்பேன். அதைப் படித்தவர்கள் ‘வென்டல்’ என்று சேர்த்துத் தேட ஆரம்பித்தார்கள். ஒரே தேவை இரண்டு சொற்றொடராக உடைந்தால் இரண்டும் சின்னதாகத் தெரியும். காகிதத்தைக் கிழித்து வீசவில்லை, மடித்து மறுசுழற்சித் தொட்டியில்தான் போட்டேன்.

அந்தக் கட்டிடத்துக்கு எதிரே ஒரு பெஞ்சு உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் சிப்பி இறைச்சி வைத்த ஓர் அப்பத்தோடு அங்கே உட்காருவேன். கார்கள் வரும். கதவைத் தட்டிப் பார்ப்பார்கள், கைபேசியை எடுப்பார்கள், நின்று எதையோ தட்டுவார்கள், மறுபடி கதவைப் பார்ப்பார்கள். ஒருமுறை ஒருவர் என்னிடமே கேட்டார்.

“சார், இங்க டாக்டர் இருக்கார்னு போட்டிருக்கே, எப்ப வருவாரு?”

“எனக்குத் தெரியாதுங்க, போன்ல பாருங்க” என்றேன்.

அக்டோபருக்குப் பிறகு எண்ணிக்கை இரண்டு மடங்கானது. முந்நூற்று எழுபது, முந்நூற்றுத் தொண்ணூறு. நான் நினைத்ததைவிடவும் அந்த ஊருக்கு டாக்டர் தேவைப்பட்டார் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

மார்ச் இரண்டாம் திங்கட்கிழமை, எட்டு மணி நேர வேலை உரிமையைக் கொண்டாடும் அரசு விடுமுறை. ஃபெர்கஸும் ஏவரிலும் கடலோர வீட்டில் இருந்தார்கள். காலை பத்தரைக்கு விறகு அடுக்கும்போது ஏவரிலை ஜாக் ஜம்பர் என்கிற விஷ எறும்பு கடித்தது. போன வருடம் கடித்தபோது கை வீங்கியதோடு போயிற்றாம். இந்த முறை மூச்சு அடைத்தது. ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிடம் ஆகும் என்றார்கள். ஃபெர்கஸ் டாக்டரைத் தேடினார். என் பக்கம் முதலில் நின்றது. ஏவரிலைக் காரில் ஏற்றிக்கொண்டு ஏழு நிமிடத்தில் ஹார்பர் தெருவுக்கு வந்துவிட்டார்.

அன்று நான் பெஞ்சில் இல்லை. இருந்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். ஃபெர்கஸைப் பழிவாங்கினேன் என்று நீங்கள் நினைப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. யார் தேடுவார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? எண்ணிக்கையில் பெயர் வராது.

ஆம்புலன்ஸ் அவர்களை அந்தப் பூட்டிய கதவுக்கு முன்னால்தான் கண்டுபிடித்தது. ஏவரில் வழியிலேயே இறந்துவிட்டார். இறுதிச் சடங்குக்குப் போனேன். ஃபெர்கஸ் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

“கெல்வின், அந்தப் பக்கத்துல டாக்டர் இருக்கார்னுதானே போட்டிருந்துச்சு, எந்தப் படுபாவி போட்டான்னே தெரியலையே.”

பன்னிரண்டு மாதம் முடிய இன்னும் இரண்டு வாரம் பாக்கி இருந்தது. மார்ச் முப்பத்தொன்று வரை பக்கத்தை எடுக்கவில்லை. ஏப்ரல் முதல் தேதி காலை எடுத்தேன், அன்றைக்கே அறிக்கையைச் சுகாதார நிறுவனத்துக்கு அனுப்பினேன். ஒரு எண்ணைக்கூடச் சுமாராகப் போடாத அறிக்கை.

பக்கத்தைப் போட்டது, திருத்தாமல் விட்டது, அறிவிப்பை எடுத்தது, எல்லாம் நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு திருத்தம் மட்டும் செய்ய வேண்டும். அந்தக் கதவுக்கு முன்னால் காரில் உட்கார்ந்தபடி ஃபெர்கஸ் மறுபடி மறுபடி தேடியிருக்கிறார், மொத்தம் நாலு முறை என்று அவர் கைபேசியைப் பார்த்து நீங்கள்தான் சொன்னீர்கள். நான் அதை நாலு பேர் என்று எண்ணியிருந்தேன். மார்ச் மாதத்துக்கு நானூற்றுப் பன்னிரண்டு என்று போட்டிருக்கிறேன், அதில் மூன்றைக் கழித்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் எல்லோரும் தனித்தனி ஆட்கள்தான்.