சட்டையில் ஏறிய உப்பு

கண்காட்சி வைக்கிறவர்கள் பெரும்பாலும் நாற்காலி போட மறந்துவிடுகிறார்கள். நின்று பார்க்கிறவர் ஒரு படைப்புக்கு அரை நிமிடம் கொடுப்பார். உட்கார்ந்தால் ஐந்து நிமிடம் கொடுப்பார். நீங்களும் என்னை உட்கார வைத்துத்தான் கேட்கிறீர்கள், அதனால் அவசரப்படாமல் சொல்கிறேன். எழுதிக்கொள்கிறவருக்கு நான் வேகமாகப் போவதுபோல் இருந்தால் சொல்லுங்கள், நிறுத்துகிறேன்.

என் பெயர் ஜெப்சன். குமரி மாவட்டத்தில் கருங்கல் என்கிற ஊர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியர். சிறு வயதிலிருந்தே மொழிபெயர்ப்பு நாவல்கள் படிக்கிறவன். பனியை நான் பார்த்ததே இல்லை, ஆனால் பனியில் வண்டி சிக்கி நின்றுபோன ஒரு குடும்பத்துக்காகக் கருங்கல் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். அன்றைக்கு இரண்டு பஸ்ஸை விட்டேன். அதனால் கடலுக்கே போகாதவர்களும் கடலில் போனவனுக்காக அழுவார்கள் என்று நம்பினேன். என் படைப்பு அந்த நம்பிக்கையில் செய்தது.

கடற்கரையில் இருக்கிற இனயத்தில் சிசிலி என்கிற அம்மாவின் ஒரே மகன் பிரைட்டன். மூன்று வருடங்களுக்கு முன்னால் அவன் வேலைபார்த்த விசைப்படகில் ஒரு கப்பல் மோதியது. நான்கு பேர் பிழைத்தார்கள், இரண்டு பேர் உடலாக வந்தார்கள். பிரைட்டன் வரவில்லை. அந்த அம்மா செவ்வாய்க்கிழமைதோறும் மீன்துறை அலுவலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். கேரளத்திலிருந்து குஜராத் வரைக்கும் எந்தத் துறைமுகத்தில் நம் ஊர்க்காரர்கள் இருந்தாலும் அவர்களுக்கு மகன் படத்தை அனுப்பச் சொல்வார். அவனுடைய செல்போன் எண் காலாவதியாகிவிடக் கூடாதென்று மாதாமாதம் ரீசார்ஜ் செய்வார்.

அவர் வீட்டுக்குப் போய்ப் பிரைட்டனின் பொருள்களைக் கேட்டேன். எல்லாம் மகனைத் தேடுவதற்குத்தான் என்று நினைத்துக் கொடுத்துவிட்டார். நான் அதை மறுத்துச் சொல்லவில்லை, ஒருவகையில் அதுவும் உண்மைதானே. கட்டில், கண்ணாடி, நான்கு சட்டைகள், ஒரு சோடி செருப்பு, சாப்பிடுகிற தட்டு. கருங்கல்லில் மூடிக் கிடந்த ஒரு அண்டி ஆபீஸை, முந்திரிப்பருப்பு உடைக்கிற ஆலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம், போன கோடை விடுமுறையில் வாடகைக்கு எடுத்து, உள்ளே அவன் அறையை அப்படியே அமைத்தேன். ஒரு மாற்றம் மட்டும் செய்தேன். கல்லுப்பைக் கரைத்து, ஒரு நீலச் சட்டையின் முதுகில் ஊற்றிக் காயவைத்தேன். வெள்ளை வெள்ளையாக வரி விழுந்தது. கடலிலிருந்து நேராக எழுந்து வந்து கழற்றிப் போட்டதுபோல் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். சுவரில் விளக்கக் குறிப்பும் எழுதி ஒட்டினேன்.

முதல் இரண்டு நாள் எப்படியிருந்தது என்று கேட்டால் சிரிப்பீர்கள். ஒரு பெரியவர் வாசலில் நின்றுகொண்டே, "ஏலே மக்கா, இது ஆக்கர் கடையா? பழைய ஃபேன் ஒண்ணு இருக்கு, எடுப்பியளா?" என்று கேட்டார். கல்லூரிப் பிள்ளைகள் கட்டிலில் உட்கார்ந்து செல்ஃபி எடுத்தார்கள். குறிப்பை யாரும் படிக்கவில்லை. பார்வையாளர் நோட்டில் 'நைஸ்' என்று ஒருவர், 'குட் எஃபர்ட்' என்று இன்னொருவர். பகலில் அறையைப் பார்த்துக்கொள்ள என் நண்பன் பிரபினை வைத்திருந்தேன். "மக்கா, மூலையில ரெண்டு பிரியாணி அண்டா வச்சியானா கூட்டம் தானா வரும்" என்றான்.

மூன்றாம் நாள் சிசிலி அம்மா மகனின் பொருள்களைப் பார்க்க வந்தார். அறையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். யாரையும் அவர் கவனிக்கவில்லை. செருப்பைச் சுவரோரம் சேர்த்து வைத்தார். கண்ணாடியை முந்தானையால் துடைத்தார். நீலச் சட்டையை எடுத்துப் பார்த்தவர் முகம் சுளித்தார்.

"இதென்ன சாரே, இப்பிடி போட்டுருக்கியரு? எனக்க மோனுக்கு உப்புக்கறை கண்ணுல காணக்கூடாது. வள்ளத்தில இருந்து எறங்கினா மொதல்ல சட்டையத்தான் அலக்குவான்."

வெளியே முற்றத்துக் குழாயடிக்குக் கொண்டுபோய்க் குந்தி உட்கார்ந்து அலக்க ஆரம்பித்தார். எனக்குக் கோபம்தான் வந்தது. அந்த வரிகள் விழுகிற உப்பு அளவைக் கண்டுபிடிக்கவே இரண்டு நாள் பிடித்திருந்தது. தடுக்கப் போனேன். அப்போதுதான் பார்வையாளர்களைப் பார்த்தேன். ஒருவர் பின் ஒருவராக வாசலுக்கு வந்து நின்றிருந்தார்கள். செல்ஃபி எடுத்த பெண் ஒருத்தி போனைக் கீழே இறக்கியிருந்தாள். அன்றைக்கு நோட்டில் ஒருவர் எழுதியிருந்தார்: 'வெளியே வந்து என் அம்மாவுக்குப் போன் பண்ணினேன். இரண்டு வருடமாகப் பேசியதில்லை.' என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே விமர்சனம் என்று அதைத்தான் சொல்வேன்.

மாலை ஆறு மணிக்கு எல்லாரும் போன பிறகு, கொடியில் காய்ந்துகொண்டிருந்த சட்டையை எடுத்தேன். சுத்தமாக இருந்தது. சுத்தமான சட்டையில் ஒன்றுமே இல்லை. வாளியில் உப்பைக் கரைத்தேன்.

மறுநாள் அவர் மறுபடி வந்தார், மறுபடி அலக்கினார். அதற்கடுத்த நாளும் அப்படியே. அலக்கத் தொடங்கி நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மக்கா, நேத்து நான் அலக்கிப் போட்ட சட்டையில இன்னைக்கி எங்கேருந்து உப்பு வந்து?"

இந்த இடத்தை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். நான் பொய் சொல்லவில்லை. பதில் சொல்லாமல் இருந்தேன். எங்கள் துறையில் அது அடிப்படைப் பாடம். கலைஞன் அர்த்தத்தை எடுத்து நீட்டக் கூடாது, பார்வையாளர் தானாகக் கண்டடைய வேண்டும். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சட்டையை முகத்தில் வைத்து மோந்தார். கண்டடைந்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது.

மறுநாள் மரச்சீனிக் கிழங்கு அவித்து, சாளை மீன் கறியோடு கொண்டுவந்து பிரைட்டனின் தட்டில் வைத்து மூடிவிட்டுப் போனார். முதல் நாள் எறும்பு மொய்த்துவிட்டது. அடுத்த நாள் காலையில் அதைப் பார்த்தால் அவருக்கு எப்படி இருக்கும் என்று யோசித்து, தட்டைக் கழுவி வைத்தேன். அதற்குப் பிறகு வீணாக்க மனமில்லாமல் நானே சாப்பிட்டேன். நல்ல கைப்பக்குவம். காலையில் காலித் தட்டைப் பார்க்கும்போது அவர் முகத்தில் வருகிற வெளிச்சத்தைப் பார்ப்பதற்காகவே மார்த்தாண்டத்திலிருந்தும் தக்கலையிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். வாசலில் வரிசை நின்றது. யாரும் இப்போது இது ஆக்கர் கடையா என்று கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அலுவலகத்துக்குப் போவதை அவர் நிறுத்திவிட்டார். படம் அனுப்பச் சொல்வதையும் நிறுத்திவிட்டார். போனுக்கு ரீசார்ஜ் செய்யவில்லை. "வீட்டுக்கு வர அவனுக்கு வெக்கமா இருக்கும் மக்கா, அதான் இஞ்ச வந்து போறான்" என்று பிரபினிடம் சொல்லியிருக்கிறார். பிரபின் அன்றைக்கு என்னிடம் சண்டை போட்டான். "லேய், நீ மனுசனாடே? அவிய கிட்ட உள்ளத செல்லு." நான் அவனுக்குப் பார்வையாளரின் சுதந்திரத்தைப் பற்றி விளக்கினேன். அவன் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனான். மறுநாள் திரும்பி வந்தான், அவனுக்கும் வேறு வேலை இல்லை.

செப்டம்பரில் கொச்சியிலிருந்து ஒரு பெரிய கண்காட்சி நடத்துகிறவர்கள் வந்து பார்த்தார்கள். அடுத்த வருட டிசம்பரில் அங்கே கொண்டுபோகலாம் என்றார்கள். அம்மாவும் வருவாரா என்று கேட்டார்கள். வருவார் என்றேன்.

அக்டோபரில் ஜெஸ்மி என்கிற பெண்ணின் போன் வந்தது. அறையைப் பற்றி யாரோ எடுத்த வீடியோவின் கீழே என் எண் மட்டும்தான் இருந்தது. அந்த அம்மாவை யாரும் தொந்தரவு செய்யக் கூடாதென்று நான்தான் அப்படிப் போடச் சொன்னேன்.

"சாரே, நான் பள்ளியாடிக்காரி. இஞ்ச மகாராஷ்டிராவுல ரத்னகிரி தாண்டி ஒரு ஹோம்ல நர்ஸா இருக்கேன். ஆள் ஆருன்னு தெரியாத ஒருத்தர் இஞ்ச இருக்காரு. கடல்ல இருந்து தூக்கினதாம். தலையில அடி, பேச்சு இல்ல. நான் போன்ல அம்மைகிட்ட நம்ம பேச்சு பேசினா பக்கத்துல வந்து நிக்காரு சாரே. அந்த அம்மாவைக் கூட்டிட்டு ஒரு தடவ வாங்க."

அம்மாவிடம் சொல்லவில்லை. வீணாக நம்பிக்கை கொடுத்துவிடக் கூடாதே என்று முதலில் நான் மட்டும் போனேன். ரயிலில் வழி முழுக்கக் கடல் தெரிந்தும் தெரியாமலும் வந்தது. ஒரு நாவலை வைத்திருந்தேன், ஒரு பக்கமும் ஓடவில்லை.

வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். தாடி வளர்ந்து மெலிந்திருந்தான். இடது காது மடலில் தூண்டில் முள் கிழித்த தழும்பு இருந்தது. அதைப் பற்றி அம்மா எனக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். ஆனால் எனக்குக் காது தேவைப்படவில்லை. சட்டை நுனியில் சாயா சிந்தியிருந்தது. எச்சில் தொட்டு அந்தக் கறையைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். "இனயம்" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன். கை நின்றது. என்னைப் பார்த்தான். பிறகு மறுபடி தேய்க்க ஆரம்பித்தான்.

ஆமாம், அது பிரைட்டன். அதில் எனக்கு எப்போதும் சந்தேகம் இருந்ததில்லை.

இரண்டு மணி நேரம் அவன் பக்கத்தில் இருந்தேன், யோசித்தேன். இவனைக் கூட்டிப்போனால் பத்து நாள் செய்தியில் வருவான். பிறகு அறுபது வயதுத் தாய் ஒருத்தி பேச்சில்லாத ஆளுக்குச் சோறூட்டிக் குளிப்பாட்டிக்கொண்டிருப்பார். அங்கே என் அறைக்கு வருகிற பிரைட்டனோ சட்டை மாற்றுகிறான், சாப்பிடுகிறான், அம்மாவைச் சந்தோஷமாக வைத்திருக்கிறான். அத்தனை பேர் அழுதது அவனுக்காக. இந்த ஆளைப் பார்த்து யாரும் அழப்போவதில்லை, பரிதாபப்படுவார்கள். இரண்டும் ஒன்றல்ல.

ஹோம் அலுவலகத்தில் ஒரு தாள் கொடுத்தார்கள். உறவு என்கிற இடம் காலியாக இருக்கக் கூடாதென்று 'தாயின் அண்ணன் மகன்' என்று எழுதினேன். 'இவர் எங்கள் குடும்பத்தைச் சேர்ந்தவர் அல்ல' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நீங்கள் காட்டுகிற இந்தத் தாள்தான், கையெழுத்து என்னுடையதுதான். ஜெஸ்மி வாசல் வரைக்கும் கூட வந்தாள். "நல்லா பாத்தியளா சாரே?" என்று கேட்டாள். நன்றாகப் பார்த்தேன் என்றேன்.

ஜனவரியில் அவன் நிமோனியா வந்து இறந்தான். பெயர் தெரியாதவன் என்று எழுதி அடக்கம் செய்தார்கள். இதை ஜெஸ்மி எனக்கு மெசேஜில் சொன்னாள். நான் 'வருந்துகிறேன்' என்று பதில் போட்டேன்.

மார்ச்சில் அவள் லீவில் ஊருக்கு வந்தாள். சனிக்கிழமை மத்தியானம் நேராக அண்டி ஆபீசுக்கு வந்துவிட்டாள். அறையில் மாட்டியிருந்த பிரைட்டனின் படத்தின் முன்னால் நின்றாள், காதைப் பார்த்தாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்திருந்த சிசிலி அம்மாவிடம் போய்த் தன் போனில் இருந்த படத்தை நீட்டினாள். தாடி வைத்த அந்த முகம்.

அம்மா பார்த்துவிட்டு, "ஆரு பெத்த பிள்ளையோ, பாவம்" என்றார்.

"அம்மா, நல்லா பாருங்க. இந்தக் காதப் பாருங்க. சாரும் அங்க வந்து இவரப் பாத்தாரு."

"கடப்புறத்துல காது கீறினவன் எத்தன பேரு மோளே. எனக்க மோன் இஞ்சல்லா வாறான். நேத்தும் வந்து. தோ, சட்டை கெடக்கு பாரு. நீ கஞ்சி குடிச்சியா?"

சொல்லிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கட்டை விரலால் அந்தக் காதை மெதுவாகத் தேய்த்தார். படம் பெரிதாகி, காது மட்டும் நின்றது. வெகுநேரம் பார்த்தார்.

"சாரே," என்றார், என்னைப் பார்க்காமல். "நீரு போயி பாத்தீராமே. இது எனக்க மோனா?"

ஜெஸ்மி என்னைப் பார்த்தாள். "சொல்லும் சாரே. நீரு சொன்னா கேப்பாவ."

"இல்லம்மா" என்றேன்.

அம்மா போனை ஜெஸ்மியின் கையில் வைத்தார். "கேட்டியா மோளே" என்று சொல்லிவிட்டு, சட்டையை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். அன்றைக்கு வெகுநேரம் அலக்கினார். ஜெஸ்மி அங்கிருந்து நேராக உங்கள் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறாள்.

மகன் இறந்ததை மறைத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். படத்தை அவர் கையிலேயே கொடுத்தார்களே. பார்த்தார், முடிவு செய்தார். அந்த முடிவு அவருடையது. ஒரு பார்வையாளர் ஒரு படைப்போடு இவ்வளவு தூரம் போய் நான் கண்டதில்லை, எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

எனக்கு வருத்தம் என்று ஒன்று உண்டு. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஜெஸ்மி வந்தது மண்டைக்காட்டு அம்மன் கோவில் கொடைத் திருவிழா நடந்த வாரம். கூட்டமெல்லாம் அங்கே போய்விட்டது, பிரபின்கூட இல்லை. அந்த அம்மா அந்தப் படத்தைப் பார்த்தபோது, அதைப் பார்ப்பதற்கு அறையில் ஒரு பார்வையாளரும் இல்லை.