தண்ணி நகராத தரை

— இப்ப வருதா?

— எது?

— தண்ணிங்க! ஓட்டைப் பக்கம் வருதா இல்லையா?

— வரும். புதுத் தரை, இப்பத்தானே முதல் தடவை நனையுது. கொஞ்சம் பொறு.

— ஒரு மாசமா பொறுத்தாச்சு. வயித்துல பிள்ளையோட, தோள்ல துண்டைப் போட்டுக்கிட்டு, எதிர் வீட்டு அக்கா எப்ப குளிச்சு முடிப்பாங்கன்னு அவங்க வாசல்ல காத்துக் கிடந்தேன். இன்னிக்கு நம்ம வீட்லயே குளிக்கலாம்னு சொன்னீங்க. ஒரு வாளி ஊத்தியிருக்கேன். ஊத்தின தண்ணி என் பாதத்தைச் சுத்தி அப்படியே நிக்குது. பாதி படுக்கையறைக்குப் போயிடுச்சு. ஓட்டையைத் தவிர எல்லா இடத்துக்கும் அதுக்கு வழி தெரியுது.

— நீ ஒரே இடத்துல ஊத்திட்டே. பரவலா ஊத்தணும்.

— பரவலா எப்படிங்க குளிக்கறது? பம்பரம் மாதிரி சுத்திக்கிட்டே குளிக்கணுமா?

— கத்தாதே. அந்த ரசமட்டத்தைக் கொடு. கதவுக்குப் பின்னாடி சாய்ச்சு வச்சிருக்கேன்.

— எதுக்கு? அதுக்குள்ள இருக்கற குமிழியைப் பார்த்துட்டு தண்ணி திருந்திடுமா?

— கொடுன்னா கொடு. பாரு. இங்க வச்சேன். குமிழி நடுவுல நிக்குதா? இந்த மூலை. நடுவுல. அந்த மூலை. அங்கயும் நடுவுல. ஒரு நூல் பிசகல. நான் தச்சன். என் கையால செஞ்ச மேசை மேல ஒரு கோலிக்குண்டை வச்சா, வச்ச இடத்துலதான் இருக்கும்.

— இது மேசை இல்லீங்க! இது மேல யாரும் உக்காந்து எழுதப் போறதில்ல! இது குளிக்கற இடம்!

— குளிக்கற இடமா இருந்தா கோணலா இருக்கணுமா?

— எனக்கு அதெல்லாம் தெரியாது. கொத்தனாரைக் கூப்பிடுவோம்னு எத்தனை தடவை கெஞ்சினேன்? நாமளே பண்ணிக்கலாம், போன்ல பார்த்துக் கத்துக்கிட்டேன், செலவு பாதிதான் ஆகும்... மூணு கடையில மிச்சம் விழுந்த டைல்ஸை எல்லாம் அள்ளிக்கிட்டு வந்தீங்க. ஒண்ணு சாம்பல், ஒண்ணு அழுக்கு வெள்ளை, ஒண்ணு என்ன நிறம்னு வித்த ஆளுக்கே தெரியல. சரி, கால்ல மிதிக்கறதுதானேன்னு வாயை மூடிக்கிட்டு இருந்தேன்.

— யாரு, நீயா? வாயை மூடிக்கிட்டு இருந்தே?

— ஷவர் போடறேன்னு சுவத்தைக் குடைஞ்சீங்க. சமையலறைப் பக்கம் என் மிளகாய்ப்பொடி டப்பா கீழ விழுந்துச்சு. அப்பவும் ஒண்ணும் சொல்லல. கம்மோடு ஆடுதுன்னு சொன்னதுக்கு அடியில மர ஆப்பு வச்சீங்க பாருங்க, அதைச் சொல்லணும். உலகத்துல யாராவது கம்மோடுக்கு ஆப்பு வைப்பாங்களா?

— அது நல்ல தேக்கு. ஊறாது.

— கம்மோடுலேருந்து கசிஞ்ச தண்ணியிலயே ஊறி, உப்பி, இப்ப அந்தப் பக்கம் ஆடுது. உக்கார்றவ நான், எனக்குத் தெரியாதா? போதும்ங்க. எனக்கு இதுக்கு மேல தெம்பு இல்ல. தண்ணி நின்னதுமே அண்ணனுக்கு போன் பண்ணிட்டேன்.

— எந்த அண்ணன்?

— எனக்கு எத்தனை அண்ணன் இருக்கு? கொத்தனார் வேலை பார்க்கற அண்ணன். மூணு வருஷமா நீங்க மூஞ்சியில முழிக்காத அண்ணன்.

— யாரைக் கேட்டுப் பண்ணே?

— யாரையும் கேக்கல. உங்களைக் கேட்டா விடுவீங்களா?

— உங்கண்ணன் இந்த வீட்டுக்குள்ள கால் வைக்கக் கூடாதுன்னு நான் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கா, இல்லையா? திரும்பவும் போன் போடு. வர வேணாம்னு சொல்லு.

— சொல்ல மாட்டேன். கிளம்பியாச்சாம்.

— சொல்லு!

— மாட்டேன்னா மாட்டேன்! பிரசவத்துக்கு எனக்குன்னு ஒரு ஆள் வந்து நிக்க வேணாமா? அப்பா அம்மா போய்ச் சேர்ந்தாச்சு. இருக்கறது ஒரே அண்ணன். கல்யாண வீட்ல பார்த்தா கூட நீங்க அந்தப் பக்கம், அண்ணன் இந்தப் பக்கம். நான் யார் பக்கத்துல உக்காந்து சாப்பிடறதுன்னு தெரியாம பரிமாற எழுந்து போயிடறேன். இந்தத் தடவை எனக்குத் தரையும் வேணும், என் அண்ணனும் வேணும்.

— ரெண்டுல ஒண்ணுதான் கிடைக்கும்.

— பாப்பா! செருப்பை வெளியவே விடட்டுமா, இல்ல குளியலறைத் தண்ணி வந்து அடிச்சுக்கிட்டுப் போயிடுமா?

— வா அண்ணா. உள்ள வா. பார்த்து, அங்கயும் ஈரம்.

— உங்கண்ணனை அப்படியே திரும்பிப் போகச் சொல்லு.

— நான் என் தங்கச்சி வீட்டுக்கு வந்திருக்கேன்னு உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு பாப்பா.

— இது ஒரு தச்சன் வீடுன்னு சொல்லு.

— பார்த்தாலே தெரியுதுன்னு சொல்லு. தரையை இழைச்சு வச்சிருக்கார்.

— ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே இருக்கு? கையை நீட்டினா தொடற தூரத்துல நின்னுக்கிட்டு என்னை எதுக்கு நடுவுல தபால்காரியா ஆக்கறீங்க? அண்ணா, நீ முதல்ல தரையைப் பாரு.

— பார்க்கறேன். ம்... சும்மா சொல்லக் கூடாது பாப்பா. சுத்தமான வேலை. டைல்ஸுக்கு நடுவுல விட்ட சந்து எல்லாம் ஒரே அளவு. தட்டினா எங்கயும் அடியில காலியா இருக்கற சத்தம் இல்ல. சும்மா சொல்லக் கூடாது, என் ஆளுங்களுக்குக் கூட இப்படி வராது.

— கேட்டுக்கோ.

— ஆனா வாட்டமே இல்ல. தண்ணிக்கு ஒரு சரிவு கொடுத்தாத்தானே அது ஓட்டைக்குப் போகும்? இங்க தரையும் ஓட்டையும் ஒரே மட்டம். வாசல்ல இருந்த தடுப்புக் கல்லையும் காணோம். அப்புறம் தண்ணி ஏன் படுக்கையறைக்குப் போகாது? நான் தண்ணியா இருந்தாலும் அங்கதான் போவேன், கட்டில் இருக்கு.

— அண்ணா, விளையாடாதே. சரி பண்ண முடியுமா?

— முழுசா உடைக்கணும். உடைச்சு, வாட்டம் வச்சு, திரும்பப் போடணும். டைல்ஸ் பாதி தேறும். இப்பவே ஆரம்பிச்சா...

— உளியைக் கீழ வைக்கச் சொல்லு.

— மாப்பிள்ளை, கோவப்படாதீங்க. தெரியாத வேலையில கை வச்சுட்டீங்க, அவ்வளவுதான். என்னை ஒரு நாற்காலி செய்யச் சொன்னா அதுல யாராவது உக்கார முடியுமா?

— தெரியாத வேலையா? எனக்கு வாட்டம் தெரியாதுன்னு நெனச்சியா மச்சான்? ஊர்ல இருக்கற குளியலறைக்கெல்லாம் கதவு போடறவன் நான். எந்தத் தரை எவ்வளவு சரிஞ்சிருக்குன்னு பார்த்துத்தான் கதவோட அடியையே அறுப்பேன். தெரிஞ்சேதான் மட்டமா போட்டேன். தண்ணி வரும்னு இவகிட்ட சும்மா சொன்னேன்.

— என்னங்க சொல்றீங்க? தெரிஞ்சேவா?

— ஆமா. வாசல் கல்லையும் அதுக்குத்தான் எடுத்தேன். கால் தடுக்கக் கூடாது. எங்கயும் சரியக் கூடாது. மச்சான், நீ போட்ட சரிவுலதானே இவ அன்னிக்கு விழுந்தா? நான் கதவைத் தள்ளிக்கிட்டு வந்து பார்க்கறேன், தண்ணி பாட்டுக்குக் கொட்டுது, இவ கீழ கிடக்கறா, ரத்தம் நீ வச்ச வாட்டத்துல அழகா ஓட்டையைப் பார்த்துப் போகுது. தூக்கிக்கிட்டு ஓடினவன் நான். அந்தப் பிள்ளை தங்கியிருந்தா இப்ப இந்த வீட்ல ஓடித் திரிஞ்சு எல்லாத்தையும் உடைச்சுக்கிட்டு இருக்கும். நீ ஒட்டின ஒரு கல்லு கூட இந்த வீட்ல இருக்கக் கூடாதுன்னு போன மாசம் சுத்தியலை எடுத்து நானே அடிச்சுப் பேர்த்தேன். தண்ணி நிக்குதா? நிக்கட்டும். தினமும் நான் தள்ளி விடறேன். சாகற வரைக்கும் தள்ளி விடறேன். இவ விழக் கூடாது.

— அடப்பாவி மனுஷா. இதுவாங்க? இத்தனை நாளா இதையா மனசுல வச்சுக்கிட்டு இருந்தீங்க?

— பின்ன எதை வச்சுக்கறது?

— நான் வச்சது எல்லா வீட்லயும் வைக்கற வாட்டம் மாப்பிள்ளை. ஊன்றுகோல் வச்சிருக்கறவங்க கூட நடக்கறாங்க. கண்ணாடி மாதிரி வழவழன்னு டைல்ஸ் வாங்கிக்கிட்டு வந்தது யாரு? இது ஹாலுக்குப் போடற டைல்ஸ், குளியலறைக்கு சொரசொரப்பா வாங்குங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். 'தள்ளுபடியில கிடைச்சுது, பளபளன்னு இருக்கு, அவளுக்குப் பிடிக்கும்'னீங்க. என் தங்கச்சி விழுந்தது உங்க டைல்ஸ்ல!

— உன் சரிவுல!

— உங்க தள்ளுபடியில!

— சரி, நீ போடாம இருந்திருக்கலாமே? பெரிய கொத்தனார்தானே? இதைப் போட மாட்டேன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாமே?

— சொல்லியிருக்கணும். அதைத்தான் மூணு வருஷமா நினைச்சு நினைச்சுச் சாகறேன். அன்னிலேருந்து எந்த வீட்ல குளியலறைத் தரை போட்டாலும், சோப்புத் தண்ணியை ஊத்தி நான் வெறுங்காலோட குறுக்கும் நெடுக்கும் நடந்து பார்த்துட்டுத்தான் வெளிய வரேன். வீட்டுக்காரங்க என்னைப் பைத்தியம்னு நினைக்கறாங்க. நினைச்சுட்டுப் போகட்டும். ஆனா சரிவுமேல பழி போடாதீங்க. தேங்கின தண்ணியில சோப்பு சேர்ந்தா தரை வழவழன்னு ஆயிடும். நீங்க இப்ப போட்டு வச்சிருக்கறதுலதான் இவ கட்டாயம் விழுவா.

— விழமாட்டா. சரிவுதான் இழுக்கும். அன்னிக்கு இவ தலை ஓட்டைப் பக்கம் கிடந்துச்சு. என் கண்ணால பார்த்தேன். சரிவு இழுக்காம தலை எப்படி அங்க போகும்?

— அப்படியா? தலை ஓட்டைப் பக்கமா? இதை ஏன் அன்னிக்கே சொல்லல? மாப்பிள்ளை, சரிவுல சறுக்கினா கால்தானே முதல்ல கீழ போகும்? அப்ப கால்தான் ஓட்டைப் பக்கம் இருந்திருக்கணும். தலை அங்க இருந்துச்சுன்னா கால் மேல் பக்கம் போயிருக்கு. அது வாட்டம் பண்ணின வேலையே இல்ல. டைல்ஸ்!

— திரும்பி விழுந்திருப்பா. இடது கால் சறுக்கியிருக்கும், உடம்பு திரும்பியிருக்கும்.

— சோப்பை மிதிச்சிருப்பா.

— சோப்பு மாடத்துல இருந்துச்சு.

— சரி, வாங்க. நின்னு காட்டறேன். குழாய் இங்க. இவ இப்படி நின்னிருப்பா. வாளி இந்தக் கையில.

— குழாய்க்கு முதுகைக் காட்டிக்கிட்டு யாரு வாளி பிடிப்பாங்க? இப்படி நின்னிருப்பா. குனிஞ்சிருப்பா. நிமிரும்போது...

— அண்ணா.

— இரு பாப்பா. நிமிரும்போது சறுக்கினா பின்னாலதானே விழணும்? நீங்க சாய்ங்க, நான் பிடிச்சுக்கறேன்.

— என்னங்க.

— நீ ஏன் தண்ணியில நிக்கறே? போ, வெளிய போய் உக்காரு. இதை நாங்க பேசி முடிச்சுக்கறோம்.

— நான் இங்கதான் நிப்பேன்! நல்லா இருக்கு. ரெண்டு ஆம்பிளைங்க என் குளியலறையில கட்டிப் பிடிச்சுக்கிட்டு நான் எப்படி விழுந்தேன்னு விழுந்து காட்டறீங்க. அன்னிக்கு உள்ள இருந்தது யாரு? நீங்களா, அண்ணனா?

— நீதான். அதுக்கென்ன இப்ப?

— ஆஸ்பத்திரியில நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி, 'வழுக்கி விழுந்துட்டா'ன்னு டாக்டர்கிட்ட நீங்களே சொல்லிட்டீங்க. நான் பேச வந்தேன், 'பேசாதே, தூங்கு'ன்னீங்க. வீட்டுக்கு வந்து ஆரம்பிச்சேன், 'அந்தப் பேச்சை இந்த வீட்ல எடுக்காதே'ன்னு சத்தம் போட்டீங்க. அண்ணா, உனக்கு போன் பண்ணேன். 'என் கையாலயே உன்னைத் தள்ளிட்டேன் பாப்பா'ன்னு அழுதுட்டு வச்சுட்டே. அப்புறம் எப்பக் கூப்பிட்டாலும் நீ எடுக்கல. இன்னிக்குக் கூட தரைன்னு மெசேஜ் போட்டதாலதான் எடுத்தே. சரிவாம், டைல்ஸாம், சோப்பாம். ரெண்டு பேரும் தரையை விசாரிச்சீங்க, ஓட்டையை விசாரிச்சீங்க. என்னை மட்டும் ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கல.

— இப்ப கேக்கறேன். சொல்லு பாப்பா. எப்படி விழுந்தே?

— அன்னிக்கு விடிஞ்சதுலேருந்து எனக்கு வயித்து வலி. சுடுதண்ணி ஊத்தினா கேக்கும்னு குளிக்கப் போனேன். குளிக்கும்போதே ரத்தம் போறதைப் பார்த்தேன். பிள்ளை போயிடுச்சுன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நானாத்தான் மெதுவா உக்காந்தேன், நானாத்தான் படுத்தேன். அண்ணா, உன் சரிவுலயும் எனக்குக் கால் சறுக்கல. என்னங்க, உங்க டைல்ஸ்லயும் சறுக்கல. நான் விழவே இல்ல.